நேர்முகத் தேர்வில் நான் மறைத்த வேலை

"உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்."

என் முதல் நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. ஆங்கிலத்தில் கேட்டார்கள். இது கட்டாயம் வரும் என்று எல்லாரும் சொல்லியிருந்ததால், 14 வரிகளில் ஒரு பதிலை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஈப்போவில் காலை ரயில் ஏறியதிலிருந்து கேஎல் சென்ட்ரலில் இறங்கும்வரை அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மா, நான் ஏதோ மந்திரம் ஓதுவதாக நினைத்திருப்பார்.

நான்கு வரிகள் தடையில்லாமல் வந்தன. ஐந்தாவது வரியின் முதல் சொல் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் செய்யுள் ஒப்புவிக்கும் போட்டியில் மறந்துபோனால் என்ன செய்வோம்? மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம். நானும் அதையே செய்தேன். "என் பெயர்…" என்று இரண்டாவது முறை ஆரம்பித்ததும், எதிரே இருந்த மூவரில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வேலை ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலையில், உற்பத்திப் பிரிவில் பயிற்சிப் பொறியாளர் பதவி. மூவரில் வயதில் மூத்த பெண்மணி என்மீது இரக்கப்பட்டோ என்னவோ, எளிதான கேள்வி ஒன்றைக் கேட்டார். கோபமாக வந்த ஒருவரை எப்போதாவது சமாளித்திருக்கிறீர்களா? இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. பல்கலைக்கழக இந்தியர் கழகத்தில் இரண்டு உறுப்பினர்கள் சண்டையிட்டதாகவும் நான் நடுவில் புகுந்து சமாதானம் செய்ததாகவும் ஒரு கதை. நடக்காத கதை. ஏதோ ஒரு வழிகாட்டியில் படித்ததைப் பெயர் மாற்றி எழுதிக்கொண்டது.

அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி, அந்த இருவரிடமும் நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றார்.

அவ்வளவுதான். நடக்காத சண்டையில் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அம்மா கேட்ட கேள்வி

எங்கள் வீடு ஈப்போ புந்தோங்கில். கச்சான் பூத்தே என்றாலே இந்த வட்டாரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். என் அம்மாவும் வீட்டிலேயே முறுக்கு, ஓமப்பொடி, காரக்கடலை எல்லாம் போட்டு, வாரத்தில் மூன்று இரவு பாசார் மாலாமில் கடை போடுபவர். நான் படிவம் ஒன்று படித்த காலத்திலிருந்து அந்த மேசைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். ஆனால் என் சுயவிவரத்தில் அது ஒரு வரிகூட இல்லை. 'பணி அனுபவம்' என்ற இடத்தில் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த 12 வாரத் தொழிற்பயிற்சி மட்டுமே இருந்தது. பொறியியல் படித்தவர் முறுக்கு விற்றதை எழுதினால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம். கூச்சம் என்று அன்று நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'சம்பந்தமில்லாதது' என்று வைத்திருந்தேன்.

இரண்டாவது அழைப்பு வந்தபோது, யாரையாவது எதிரே உட்காரவைத்துப் பழகவேண்டும் என்று தோன்றியது. தோழிகள் எல்லாம் ஆளுக்கொரு ஊரில். வீட்டில் இருந்தது அம்மா மட்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மாவு பிசைந்த கையோடு, தாளை மேசையில் விரித்துவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார்.

"கோபமா வந்த ஆளை எப்படிச் சமாளிச்சே?"

நான் அந்த இந்தியர் கழகக் கதையைத் தமிழில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்திலேயே அம்மா நிறுத்திவிட்டார். "இது எப்ப நடந்துச்சு? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நடக்கலைம்மா. சும்மா சொல்றதுக்கு."

"அப்ப, போன வாரம் முறுக்கு நமத்துப்போச்சுன்னு மூணு பாக்கெட்டைத் தூக்கி மேசையில போட்டாரே, அந்த ஆளு யாரு?"

"அதெல்லாம் எப்படிம்மா அங்க போய்ச் சொல்றது?"

"ஏன், அது வேலை இல்லையா?"

அவர் வருத்தப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஆள் விஷயத்தில் நடந்தது இதுதான். அவர் மலாயில் சத்தம் போட்டார். கடையைச் சுற்றி ஆள் கூடியது. நான் முதலில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நானே தின்று பார்த்தேன். நமத்துத்தான் இருந்தது. "பாக்சிக் சொல்வது சரி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, வேறு மூன்று பாக்கெட் கொடுத்தேன். பிறகு அன்று கட்டிய பாக்கெட்டுகளை எல்லாம் தடவிப் பார்த்ததில், ஒரு பக்கமாக ஒட்டாமல் விட்டவை 20க்கு மேல் இருந்தன. பாக்கெட் ஒட்டும் கருவியின் கம்பி தேய்ந்திருந்தது. மறுநாளே அதை மாற்றினோம். புகாரைக் கேட்டு, சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, மீண்டும் நடக்காமல் செய்தது என்று பார்த்தால், நான் விண்ணப்பித்த தரக்கட்டுப்பாட்டு வேலையின் விளம்பரத்தில் இருந்தது ஏறக்குறைய இதுவேதான்.

அன்றிரவு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில், நான் நிஜமாகவே செய்த ஆறு காரியங்களை எழுதினேன். பட்டியல் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடையில் இரண்டு, இறுதியாண்டுத் திட்டப்பணியில் இரண்டு, தொழிற்பயிற்சியில் ஒன்று. ஆறாவது, நான் சொதப்பிய ஒரு காரியம். "உங்கள் தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்பார்களே, அதற்கு. "நான் எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம்" என்று சொல்லலாம் என யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், தயவுசெய்து மறந்துவிடுங்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும்.

ஒவ்வொரு காரியத்தையும் நான்கு பகுதியாகப் பிரித்தேன். அப்போது நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன ஆனது. ஆங்கிலத்தில் இதை 'ஸ்டார்' முறை என்பார்கள். பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவில் கட்டாயம் சொல்லித் தருவார்கள், எனக்கும் சொல்லித் தந்தார்கள். ஆனால் பெட்டியை மட்டும் தந்தார்கள், உள்ளே வைக்கச் சரக்கு என்னிடம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், வாய்விட்டு. அம்மாவிடம் பொய் சொல்வது கடினம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நடந்ததைத் தாய்மொழியில் ஒருமுறை சொல்லிவிட்டால் அது வரிசையாக மனதில் நிற்கும். பிறகு அதையே ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லும்போது சொல் மாறலாம், இலக்கணம் இடறலாம், ஆனால் அடுத்து என்ன நடந்தது என்பது மறக்காது. மனப்பாடம் செய்த 14 வரியில் ஒரு சொல் தொலைந்தால் மீதியும் தொலைந்துவிடும். நடந்த கதையில் ஒரு சொல் தொலைந்தால் வேறு சொல் கிடைக்கும்.

நான் ஒவ்வொன்றையும் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் மூன்று முறை, மலாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டேன். நம் குரலை நாமே கேட்பது கொடுமைதான். ஆனாலும் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'சோ' என்று தொடங்குகிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நடுக்கம் வெளியே தெரியுமா?

இத்தனைக்கும் பிறகு பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இரண்டாவது நேர்முகத் தேர்விலும் உள்ளங்கை வியர்த்தது, வாய் வறண்டது. அந்த வேலையும் கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் முறுக்குக் கதையைச் சொன்னேன். கேட்டவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பதவிக்கு நாற்பது பேர் வந்தால் முப்பத்தொன்பது பேர் வீட்டுக்குத்தான் போகவேண்டும். ஆனால் அந்த இரண்டு தடவையும் ரயிலில் திரும்பும்போது, முதல் தடவையைப் போல என்மீதே எனக்கு வெட்கம் இல்லை. அது பெரிய வித்தியாசம்.

பயத்தைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் உதவியது ஓர் ஆய்வு. அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் வெளியிட்டது. மேடையில் பேசுபவர், தன் பதற்றம் பார்ப்பவர்களுக்கு அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறார். உண்மையில் அவர் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. இதைவிட முக்கியமானது அடுத்த பகுதி. பேசுவதற்கு முன்பே இந்த உண்மையைச் சிலரிடம் சொல்லிவைத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். 'நடுங்குவது தெரிகிறதே' என்ற கவலைதான் நடுக்கத்தைப் பெருக்குகிறது. அந்தக் கவலை குறைந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வும் சுவையானது. கராவோக்கே பாடப்போகிறவர்களில் சிலரை 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்றும், சிலரை 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றும் வாய்விட்டுச் சொல்லச் செய்தார். உற்சாகம் என்றவர்கள் நன்றாகப் பாடினார்கள். இரண்டிலுமே இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது, பெயர் மட்டும்தான் வேறு. நானும் ஒரு நிறுவனத்தின் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று உற்சாகமாக இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்ததில் கொஞ்சம் இலகுவானது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அதைவிட எனக்குக் கைகொடுத்தது மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுவது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பது உடலின் இயல்பு. காத்திருக்கும் அறையில் பத்து முறை செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதில் உடனே வராவிட்டால், "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லலாமா?" என்று கேட்பதையும் பழகினேன். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்வதும் தப்பில்லை. நமக்கு ஐந்து வினாடி மௌனம் ஐந்து நிமிடமாகத் தோன்றும். எதிரே இருப்பவர் அந்த நேரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்.

பயத்தில் ஒரு பகுதி மனத்திலிருந்து வருவதே இல்லை. வழி தெரியாததிலிருந்தும் நேரமாகிவிட்டதிலிருந்தும் வருகிறது. நான்காவது நேர்முகத் தேர்வு பினாங்கு பாயான் லெப்பாஸில். 1972இல் தொடங்கிய பெரிய தொழில் வட்டாரம் அது, ஒரே மாதிரி கட்டடங்கள், ஏகப்பட்ட நுழைவாயில்கள். முதல் நாளே போய்ச் சித்தி வீட்டில் தங்கி, மாலையில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் வாசல்வரை போய்ப் பார்த்து வந்தேன். இணையவழி நேர்முகத் தேர்வு என்றாலும் இதேதான். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு அது வழக்கமாகிவிட்டது. முந்தைய நாளே அதே நாற்காலியில், அதே நேரத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, இணையம் நிற்கிறதா, பக்கத்து வீட்டுச் சேவல் எப்போது கூவுகிறது என்றெல்லாம் பார்த்துவிடுங்கள்.

வேலை விளம்பரத்தையும் அச்செடுத்து வரி வரியாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் உங்கள் ஆறு கதைகளில் ஒன்று பொருந்துமா என்று பாருங்கள். அரசாங்க வேலை என்றால், பொதுச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வில் நல்ல எழுத்து மலாயில் பேசவேண்டியிருக்கும். அந்த அமைச்சு என்ன செய்கிறது, நீங்கள் கேட்கும் பதவியின் அன்றாடப் பணி என்ன என்பதைப் படிக்காமல் போகாதீர்கள். சம்பளம் பற்றிக் கேட்டால் தடுமாறாமலிருக்க, ஜாப்ஸ்ட்ரீட்டிலும் பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் அதே மாதிரி பதவிக்கு என்ன தருகிறார்கள் என்று பார்த்து, ஒரே எண்ணாக இல்லாமல் இவ்வளவிலிருந்து இவ்வளவுவரை என்று சொல்லலாம்.

பாயான் லெப்பாஸில் என்னிடம் அந்தப் பழைய கேள்வி வரவே இல்லை. எண்களை வைத்து ஏதாவது முடிவு எடுத்ததுண்டா என்று கேட்டார்கள். நோட்டில் இருந்த இன்னொரு கடைக் கதையைச் சொன்னேன். இரண்டாம் ஆண்டு நீண்ட விடுமுறையில், ஒவ்வோர் இரவும் மீந்துபோன பாக்கெட்டுகளை 11 வாரம் எழுதி வைத்தேன். மாத நடுவில் பெரிய பாக்கெட்டுகள் தங்கிவிடுவது தெரிந்தது. கையில் காசு குறைந்த நாட்கள் அவை. அந்த வாரங்களில் மட்டும் இரண்டு வெள்ளிப் பாக்கெட்டுகளை அதிகமாகப் போடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். இரவுக்கு 30 பாக்கெட் மீந்தது 12 ஆகக் குறைந்தது. கேட்டவர் சீனர், மூத்த பொறியாளர். மழை நாட்களை எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்டார். கணக்கிடவில்லை, அது என் தவறுதான் என்றேன். "நானாக இருந்தாலும் மறந்திருப்பேன்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நடந்தது பேச்சு. கேள்வி பதில் போலவே இல்லை.

மேசையின் மறுபக்கம்

அங்கேதான் இப்போது ஐந்தாம் ஆண்டாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து, புதியவர்களைத் தேர்வுசெய்யும்போது என்னையும் ஓரமாக உட்காரவைக்கிறார்கள். கையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். கேள்விக்கு ஒரு பெட்டி, 1 முதல் 5 வரை மதிப்பெண், பக்கத்தில் காரணம் எழுத மூன்று கோடு. அந்த மூன்று கோட்டை முதன்முதலில் பார்த்தபோதுதான் எனக்குப் பல விஷயம் விளங்கியது. "நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கே எழுத ஒன்றுமில்லை. ஐந்து கொடுக்க ஆசையிருந்தாலும் காரணம் எழுத முடியாது. "11 வாரம் எழுதி வைத்தேன்" என்றால் எழுதலாம்.

நம் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, 'நான்' என்று சொல்லத் தயங்குவது. "நாங்கள் செய்தோம், எங்கள் குழு முடித்தது." தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளாதே என்று வளர்த்தவர்கள் நாம், அதில் குறையில்லை. ஆனால் அந்தக் குழுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியவேண்டும். மின்சுற்றை வரைந்தது நான், அறிக்கை எழுதியது தோழி என்று சொல்வது தற்பெருமை ஆகாது. அது தகவல். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று ஒரு பெண் கேட்டார். எங்கள் மேலாளர் பதில் சொல்லச் சற்று யோசிக்கவேண்டியிருந்தது.

சில மாதங்களுக்கு முன் கெடாவிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். நன்றாகப் பேசினார், தேர்வாகி இப்போது எங்கள் பிரிவில்தான் இருக்கிறார். மதிய உணவின்போது, "அக்கா, அன்னைக்கு என் கை நடுங்குனதைப் பார்த்து நீங்க என்ன நினைச்சீங்க?" என்று கேட்டார். நான் பார்க்கவே இல்லை. அவருடைய படிவத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். அவர் அப்பாவின் பட்டறையில் லோரி பிரேக் சரிசெய்ததைப் பற்றி எழுதியிருந்தேன். நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நான் இப்படி மேசைக்கு மறுபக்கம் உட்காரும் நாட்களில் அம்மா இரவு போன் செய்வார். யாருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பதில்லை. முதல் தடவை அவர் கேட்டது, "வந்த பிள்ளைங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தீங்களா?" என்றுதான். கொடுக்கவில்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. இப்போது ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு போத்தல் வைக்கிறோம்.